ரயில் கடிகாரத்தில் சுண்ணாம்பு

என் சட்டைப் பையில் ஒரு சுண்ணாம்பு டப்பி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் நிக்கல் வட்டம். மேலே குட்டையாக ஒரு கழுத்து, கழுத்தின் இரு பக்கமும் ஊசி நுழையும் அளவுக்குத் துளை. ஒரு காலத்தில் அந்தத் துளைகளில் வளையம் மாட்டியிருந்தது, வளையத்தில் செயின் தொங்கியது. முன்பக்கம் கண்ணாடி இருந்த இடத்தை ஒரு தகரத் துண்டால் அடைத்திருக்கிறேன். பின்மூடியை நகத்தால் நெம்பினால் டப்பென்று திறக்கும், உள்ளே சுண்ணாம்பு. பல் டாக்டர் வெற்றிலையை விடச் சொன்னார். வெற்றிலையை ஏறக்குறைய விட்டுவிட்டேன், டப்பியை விடவில்லை. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். கண் கலங்கி உட்காருகிற ஞாபகம் இல்லை. எரிச்சல்தான் முதலில் வரும். செத்துப்போன மனிதர்மேல் இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல்பட முடியுமா என்றால், முடியும். அவரோடு பழகிய யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள்.

அவரை நாங்கள் கம்பவுண்டர் என்றுதான் சொல்வோம். ஓசூரில் ஒரு தனி டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். ஐம்பதுகளில் நடந்த கதை இது. நான் அப்போது ஊர் ஊராகப் போய்ப் பழைய பித்தளையும் ஈயமும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அலுமினியச் சட்டி கொடுக்கிற வேலையில் இருந்தேன். அதற்கு முன் ஆவாரம்பட்டை உரித்தேன், கரிமூட்டம் போட்டேன், லாரியில் கிளீனராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பாதியில் எழுந்து போனவன், அதற்கப்புறம் எங்கேயும் முழுசாக உட்கார்ந்ததில்லை. சத்திரமோ மாட்டுக்கொட்டகையோ, இருட்டின இடத்தில் படுப்பேன். மலைப்பக்கம் போய் வந்ததில் குளிர்காய்ச்சல் பிடித்தது. அந்தக் காய்ச்சலுக்குக் கொயினா மிக்சர் வாங்கப் போய்த்தான் கம்பவுண்டரிடம் மாட்டிக்கொண்டேன். காய்ச்சல் பத்து நாளில் விட்டது. அவர் விடவில்லை.

மருந்துச் சீசாவைக் கையில் கொடுத்துவிட்டு, என் மூட்டையைப் பார்த்து, "ஊருக்குள்ளல்லாம் போறே இல்ல? எங்கியாச்சும் ரயில் கடியாரம் கண்ணுல பட்டா எங்கிட்ட கொண்டா. வேற எவன்கிட்டயும் குடுத்துடாதே" என்றார். ரயிலே இல்லாத ஊரில் ரயில் கடிகாரத்துக்கு எங்கே போவது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரயில் ஒரு காலத்தில் இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூருக்கு ஒரு சின்னப் பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஓசூருக்கு வந்தபோது, பாதை இருந்த மேட்டில் மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த அடிக்கட்டைகள் வீடுகளுக்கு நிலையாகவும் கடைகளுக்கு பெஞ்சாகவும் மாறியிருந்தன. ரயிலில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கிவிட்டார்கள். அவர்களில் சிலரிடமும், அவர்களிடம் வாங்கியவர்களிடமும், வாங்கியவர்களிடம் வாங்கியவர்களிடமும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றைத்தான் கம்பவுண்டர் தேடிக்கொண்டிருந்தார். டிஸ்பென்சரியின் பின்னறையில், மருந்துக் கம்பெனி அட்டைப் பெட்டிகளில் பஞ்சு வைத்து இருபதுக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார். வெள்ளை எனாமல் முகப்பு, பட்டையான கறுப்பு எண்கள், ஆறு மணி இருக்கும் இடத்தில் குட்டி விநாடி முள் என்று எல்லாம் பார்க்க ஒரே குடும்பம்போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். எந்த ஊர், யாரிடம், அவருக்கு எப்படி வந்தது, எதற்குப் பதிலாக வந்தது, உள்ளே என்ன நம்பர் என்று முத்து முத்தாக எழுதி வைப்பார். சீமைக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தால் அன்று முழுக்க மருந்து அளவு தப்பும்.

இத்தனை கடிகாரம் வைத்திருந்தவர் ஒன்றைக்கூடப் பையில் போட்டதில்லை. தெருவில் போகும்போது யாராவது "சாரு, மணி என்ன?" என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாவது மாதம் அதை அவரே சொன்னார்.

அவருடைய அப்பா அந்தச் சின்ன ரயிலில் கொடி காட்டும் கார்டு. கம்பவுண்டர் சிறு பிள்ளையாக இருந்தபோது, ஒரு சோதனையில் அப்பாவிடம் கம்பெனிக் கடிகாரம் இல்லை. ரிப்பேருக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கச் சொல்லிப் பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்தேன் என்று அப்பா சொன்னார். தன்னிடம் தரவே இல்லை என்று பாயிண்ட்ஸ்மேன் சொன்னார். பாயிண்ட்ஸ்மேன் என்றால் பாதை மாற்றும் கம்பியை இழுக்கிறவர், ஸ்டேஷன் கேட்டையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். விசாரணை முடிவில் பாயிண்ட்ஸ்மேனை வேறு ஸ்டேஷனுக்குத் தூக்கி அடித்தார்கள். அப்பாவை வேலையை விட்டே நீக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் புளி மண்டியில் எடை போட்டுப் பிழைத்தார். பள்ளிக்கூடத்தில் கம்பவுண்டரை 'வாட்ச் திருடன் மவன்' என்று கூப்பிட்டார்கள். அப்பா சாகும்வரை, பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்தேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ட்ரங்குப் பெட்டியில் அந்த வேலைநீக்கத் தாள் இருந்தது. அதில் 'கார்டு கடிகாரம் ஒன்று, நம்பர் 817' என்று எழுதியிருந்தது. அந்த 817 எங்கேயோ ஒருவனிடம் இருக்கும், அவன் அதைப் பாயிண்ட்ஸ்மேனிடம் வாங்கினேன் என்று சொல்வான், அதை எழுதி ரயில்வேக்கு மனுப் போட்டு அப்பா பேரில் இருக்கும் கறையைத் துடைக்க வேண்டும். கம்பவுண்டருக்கு வேண்டியது இவ்வளவுதான். சேர்த்து வைத்திருந்த மற்ற கடிகாரங்கள் எல்லாம் அந்த ஒன்று இல்லாத கடிகாரங்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு மனசு இளகியது உண்மை. அந்த இளக்கத்துக்காக நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது.

ஒரு தடவை வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கொத்தனார், மாந்தோப்பில் கிணற்றுச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த தூக்குக்குண்டு வெயிலில் மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தால் ரயில் கடிகாரம். கழுத்து வளையத்தில் சணலைக் கட்டி, சுவர் நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இது கடியாரமாச்சே" என்றேன். "அது நின்னு பல வருசமாச்சுப்பா. மணி காட்டலேன்னா என்ன, கிணறு கோணாம காட்டுதே" என்றார். அவருக்குப் பித்தளையில் நல்ல குண்டு ஒன்று தேடிக் கொடுத்து, இரண்டு சட்டியும் கொடுத்து, கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் பஸ் பழுதாகி ஒன்பது மைல் நடை. கம்பவுண்டர் கத்தி முனையால் பின்மூடியைத் திறந்தார், கண்ணில் லென்ஸை இடுக்கினார், மெஷினில் இருந்த நம்பரைப் படித்தார். 817 இல்லை. அதோடு விட்டாரா? "இந்தச் சட்டை இதுக்குப் பொறந்தது இல்ல. பாரு, திருகாணித் தடம் ரெண்டு இருக்குது. வேற மெஷின் இதுல உக்காந்திருந்திருக்குது. இதை ஏம்பா கொண்டாந்தே?" என்றார். உள்ளே ஓடுவது மெஷின், வெளிக்கூடு சட்டை. சட்டையும் மெஷினும் பொருந்தவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது. நான் சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்க மாட்டார்.

கெலமங்கலத்தில் ஒரு வீட்டில் இன்னும் மோசம். என்ஜின் ஓட்டியவர் விட்டுப்போன கடிகாரத்தை அவர்கள் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கத்தி, அரிவாளோடு வைத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கும்பிட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் அப்பியதில் கடிகாரம் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. மூடி எங்கே, கழுத்து எங்கே என்று தெரியவில்லை. நம்பரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, கம்பவுண்டரே என்னோடு வந்தார். வந்தவர், பேச்சு முடிவதற்குள் பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். "அய்யோ, சாமியைச் சொரண்டுறாங்களே!" என்று வீட்டம்மா கூச்சலிட, தெருவே கூடிவிட்டது. கன்னடத்தில் பாதி, தெலுங்கில் பாதி, தமிழில் மீதி என்று மூன்று பாஷையிலும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்த நேரத்திலும் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் தேங்காயும் பழமும் வாங்கிக் கொடுத்து, மறுபடி சந்தனம் பூசி வைத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது அவர் சொன்னது, "முள்ளு ரெண்டும் ஒரிஜினல்ப்பா" என்பது மட்டும்.

இதற்கெல்லாம் மேலான தொல்லை டிஸ்பென்சரிக்கு நேர் எதிரில் இருந்தது. அந்தப் பாயிண்ட்ஸ்மேன், ரயில் போனபிறகு அங்கேதான் டீக்கடை போட்டிருந்தார். அடிக்கட்டையில் செய்த பெஞ்ச், கொதிக்கும் பாய்லர், ஏலக்காய் வாசனை. கம்பவுண்டர் அந்தக் கடையில் ஒரு வாய் குடித்ததில்லை. எதிரே டீ கொதித்துக்கொண்டிருக்கும், நான் இரண்டு தெரு தாண்டிப் போய் ஆறிப்போன டீயைச் செம்பில் வாங்கி வருவேன். கடிகாரத்தைத் தேடி மலை ஏறியதைக்கூடப் பொறுத்தேன், இதைப் பொறுக்க முடியவில்லை. பாயிண்ட்ஸ்மேனுக்கு நாள்பட்ட இருமல். மருந்துக்கு வந்தால் கம்பவுண்டர் அவரைக் கடைசி ஆளாக நிற்க வைப்பார். எல்லாருடைய மிக்சரிலும் ஆரஞ்சு சிரப் ஊற்றுவார், அவருடைய சீசாவில் மட்டும் ஊற்ற மாட்டார். கிழவர் ஒரு மொடக்கு குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, "சாரு, இன்னிக்கும் சர்க்கரை மறந்துட்டீங்களா?" என்பார். "வியாதிக்குக் கசப்புதான் நல்லது. திருட்டுக் கைக்கு அதுவே ஜாஸ்தி" என்பார் இவர், பாதி சத்தமாகவும் பாதி வாய்க்குள்ளும். கிழவர் சீசாவை மடியில் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பார். எனக்கு அந்தக் கிழவர்மேலும் எரிச்சல் வரும். எடுத்தேன் என்றோ எடுக்கவில்லை என்றோ ஒரு நாளாவது சண்டை போட்டுத் தொலைக்கக் கூடாதா?

இந்தச் சுண்ணாம்பு டப்பி எனக்குக் கிடைத்தது அஞ்செட்டிக்கு அப்பால். தேன்கனிக்கோட்டையோடு பஸ் நின்றுவிடும், அதற்கப்புறம் காட்டு நடைதான். மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒரு வீட்டில், அந்த அம்மா மடியிலிருந்து இதை எடுத்துச் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்தேன். உள்ளே மெஷின் இல்லை. கண்ணாடி இருந்த இடத்தை அரக்கால் அடைத்திருந்தார்கள். பின்பக்கம் ஏதோ எழுத்து இருந்ததை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். கதை கேட்டேன். "எம் மாமனாரு ஓசூரு சந்தைக்கு மாடு ஓட்டிக்கினு போனப்ப, ரயில் கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு இதைக் குடுத்துட்டு, கன்னுக்குட்டியோட ஒரு கறவை மாட்டைக் கேட்டு வாங்கிக்கினாராம். கொஞ்ச நாளு உள்ள டிக்கு டிக்குன்னு ஒரு பூச்சி கத்திக்கினு இருந்துச்சாம். அது செத்ததும் பசங்க பிரிச்சு எறிஞ்சிட்டாங்க" என்றார் அந்த அம்மா. ஒரு பித்தளைச் சுண்ணாம்புக் குப்பி கொடுத்து இதை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் நடந்து கொண்டுவந்து வைத்தேன். கம்பவுண்டர் தொடக்கூட இல்லை. "மெஷின் எங்கே?" "இல்லீங்க." "நம்பர் எங்கே?" "அதுவும் இல்லீங்க." "அப்ப இது என்ன? சுண்ணாம்பு டப்பியை எங்கிட்ட கொண்டாந்து வெச்சிருக்கியே, உனக்குப் புத்தி இருக்குதா?" ஆனாலும் பழக்கம் விடுமா, நோட்டை எடுத்தார். நான் சொன்னதை முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். அவர் எழுதும்போது காதில் விழும், மண்டையில் ஏறாது. எழுதி முடித்து டப்பியை என் பக்கம் தள்ளினார். எனக்கும் கோபம். அன்று முதல் வேண்டுமென்றே அவர் கண்ணெதிரிலேயே இதைத் திறந்து வெற்றிலை போட ஆரம்பித்தேன். "அந்தக் கருமத்தை என் முன்னால எடுக்காதே" என்பார். எடுப்பேன். நாலைந்து வருஷம் இப்படியே போனது.

இதற்கு நடுவில் அவர் இன்னொரு காரியம் செய்துகொண்டிருந்தார். சட்டையும் மெஷினும் பொருந்த வேண்டும் என்ற பித்தில், ஒன்றின் மெஷினை எடுத்து இன்னொன்றின் சட்டையில் போட்டு, அழகு பார்த்து, மிஞ்சிய சட்டைகளை என்னிடம் பழைய நிக்கலாகப் போட்டுவிடுவார். மூடிகளின் உள்ளே ஏதேதோ கீறியிருக்கும். "அதெல்லாம் ரிப்பேர்காரனுங்க கிறுக்கறது" என்பார். நான் அவற்றை உருக்குகிறவனிடம் போட்டுவிடுவேன்.

பிறகு ஒருநாள் ரயில்வேயிலிருந்து பதில் வந்தது. 817 எந்தக் கடிகாரம் என்று கேட்டு அவர் எழுதியதில் எத்தனையாவது கடிதத்துக்கு என்று தெரியாது. ஒரு பழைய குமாஸ்தா பொறுமையாக எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் கடிகாரங்களின் மெஷின் நம்பரைக் கம்பெனி குறித்து வைத்ததில்லை. ஸ்டோரில் பின்மூடியின் உட்பக்கம் தன்னுடைய நம்பரைச் சின்னதாகப் பொறித்துக் கொடுக்கும், 817 அந்த நம்பராகத்தான் இருக்க வேண்டும் என்று.

நான் உள்ளே நுழைந்தபோது மதிய வேளை, டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் எல்லாப் பெட்டிகளையும் மேஜைமேல் கவிழ்த்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து வைத்திருந்தார். மேஜை முழுக்க வாய் பிளந்த கடிகாரங்கள். எதிலும் அந்த நம்பர் இல்லை. என்னைப் பார்த்ததும், "எங்கேடா அந்தச் சட்டையெல்லாம்?" என்று பாய்ந்தார்.

"எந்தச் சட்டைங்க?"

"நான் உங்கிட்ட போட்டது!"

"உருக்குறவன்கிட்ட போட்டாச்சுங்க. இந்நேரம் அது எவன் வீட்டுக் கரண்டியோ."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"நீங்கதானுங்களே எடுத்துக்கிட்டுத் தொலைன்னீங்க!"

கத்தினார். நானும் கத்தினேன். வேப்பனப்பள்ளி, கெலமங்கலம், ஆறிப்போன டீ எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். "உங்க சங்காத்தமே வேணாஞ்சாமி" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோபத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். டப்பியை எடுத்துப் பின்மூடியை நெம்பினேன்.

கம்பவுண்டர் கண் டப்பிமேல் விழுந்தது. மூடியையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்து டப்பியைப் பிடுங்கினார்.

மூடியின் உட்பக்கம் பழைய சுவர்போலச் சுண்ணாம்பு காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அஜீரண மிக்சருக்கு வைத்திருக்கும் ஆசிட் சீசாவை எடுத்து, கண்ணாடிக் குச்சியால் இரண்டு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. பஞ்சால் துடைத்தார். இன்னும் இரண்டு சொட்டு. வெள்ளை கரைந்து சாம்பல் நிறத்தில் நிக்கல் தெரிந்தது. முதலில் ஒரு எட்டு வந்தது. அடுத்து ஒன்று. ஏழு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. லென்ஸைப் போட்டுப் பார்த்தார், எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். "கிடைச்சிருச்சுப்பா! எங்க வாங்கினே? யாரு குடுத்ததுன்னு சொன்னாங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. "உங்க நோட்டுல இருக்குதுங்க" என்றேன்.

நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். பக்கம் கிடைத்ததும் உற்சாகத்தில் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். 'அஞ்செட்டி அருகே மாட்டுப் பட்டி. மெஷின் இல்லை. ரயில் கோட்டுப் போட்ட ஆள் கொடுத்தது. பதிலாக, கன்றுடன் கறவை மாடு ஒன்று. வெற்றுக் கூடு. தேவையில்லை.' கோட்டு என்ற இடத்தில் குரல் இறங்கியது. பாயிண்ட்ஸ்மேனுக்கு ஏது கோட்டு? அவருக்குக் கம்பெனி கொடுத்தது முண்டாசும் காக்கி அரைக்கைச் சட்டையும்தான். கோட்டு கார்டுக்கு. மாடு என்ற இடத்தில் குரலே இல்லை.

நோட்டை மூடாமல் மேஜைமேல் வைத்தார். பிறகு என்னிடம் இல்லை, அந்தப் பக்கத்திடம் பேசுவதுபோலப் பேசினார். "எங்க வீட்ல ஒரு மாடு இருந்துச்சுப்பா. கொம்பு பின்னால வளைஞ்ச ஆலம்பாடி மாடு. நெத்தியில வெள்ளை. தங்கச்சி பொறந்தப்ப வந்துச்சு, அம்மாவுக்குப் பால் இல்ல. யாரோ வாரத்துக்கு விட்ட மாடுன்னு அப்பா சொன்னாரு."

வாரத்துக்கு விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். மாடு ஒருவனுடையது, வளர்ப்பவன் இன்னொருவன். பால் வளர்ப்பவனுக்கு, கன்றில் பாதி மாட்டுக்காரனுக்கு.

"மூணு கன்னு போட்டுச்சு. ஒருத்தனும் பங்கு கேட்டு வரலியே. எனக்கு ஏன் தோணல?" என்றார்.

அன்று என்னிடம் கோபம் மீதி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லாமல் போய்விட்டது.

மனுவுக்காக அவர் எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்து அடுக்கினார். கிழிக்கவில்லை, மருந்து மடிக்கும் காகிதங்களோடு வைத்தார். டப்பியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "வெச்சுக்கோ. சுண்ணாம்பே போட்டுக்கோ" என்றார். பிறகு எழுந்து, செருப்புக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்தார். அவர் என்ன செய்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெஞ்சில் இரண்டு வண்டிக்காரர்கள் இருந்தார்கள். கம்பவுண்டர் வருவதைப் பார்த்ததும் அவர்களே எழுந்து நின்றுவிட்டார்கள். இவர் அடிக்கட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். "அண்ணா, ஒரு டீ குடுங்க" என்றார். அந்தக் கிழவரை அவர் அண்ணா என்றதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வாங்க போங்க என்றதும் கிடையாது.

கிழவர் பாய்லரைப் பார்த்தபடியே, "இன்னிக்கு மழை வரும்போல இருக்குதே" என்றார்.

டீயை வைத்தார். கம்பவுண்டர் தம்ளரைத் தொடாமல், "அந்த மாட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்னங்க? உங்கப்பா அதை ஓட்டிக்கினு வந்தப்ப கேட்டைத் தொறந்துவிட்டதே நான்தானே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? விசாரணைக்கு வந்த தொரைகிட்டயா? ஊட்ல பச்சப் புள்ள பாலுக்கு அழுவுது, அதுக்குத்தான் வித்துப்புட்டாருன்னா? அப்ப சொன்னா ஜெயிலுங்க. அவரு போனப்பறம் உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்க? வந்து வந்து திட்டிட்டுத்தானே போனீங்க." கிழவர் துணியால் பலகையைத் துடைத்தார். "டீ ஆறுது சாரு, குடிங்க."

கம்பவுண்டர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "சர்க்கரையே போடலியே?"

"எத்தினி வருசமா எம் மருந்துல நீங்க போட்டீங்களா?" என்றார் கிழவர்.

வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை. கசக்கக் கசக்கக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த முறை கிழவருக்குக் கொடுத்த சீசாவில் பாதிக்குமேல் ஆரஞ்சு சிரப்தான். "இது மருந்தா பாயசமாங்க?" என்று கிழவர் என்னிடம் புலம்பினார். இந்த இரண்டு பேருக்கும் அளவு என்பதே கிடையாது.

இதோடு அவர் கடிகாரத்தை விட்டிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அடுத்த வாரமே கூப்பிட்டு அனுப்பினார். தான் மாற்றிப் போட்ட மெஷின்களை எல்லாம் அதனதன் பழைய சட்டையிலேயே போட வேண்டுமாம், உருக்காமல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டுமாம். நான் அன்று மாலையே ஒரு லாரியில் ஏறிக் கோலார் பக்கம் போய்விட்டேன். திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று. வந்தபோது கம்பவுண்டர் இல்லை. கடிகாரங்களைத் தங்கை எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அந்த மாட்டின் பாலைக் குடித்து வளர்ந்த தங்கைதான். மாட்டின் கதையை அவர் தங்கையிடம் சொன்னாரா என்று கேட்க ஆள் இல்லை. டீக்கடையும் மூடியிருந்தது.

இப்போது ஓசூருக்கு ரயில் வருகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நேற்று அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டப்பியைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண், தொழிற்சாலைச் சீருடையில், பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்தாள். கழுத்தையும் வட்டத்தையும் பார்த்துவிட்டு, "தாத்தா, மணி என்ன ஆவுது?" என்றாள். பின்மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே சுண்ணாம்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் ஆணியால் சுரண்டிச் சுரண்டி எட்டும் ஒன்றும் தேய்ந்துவிட்டன. ஏழு மட்டும் இன்னும் விரலில் தட்டுகிறது. வண்டி அரைமணி தாமதம் என்று ஒலிபெருக்கி மூன்று பாஷையில் சொன்னது. சலித்துக்கொண்டே மூடியை மூடினேன்.